ஈதோஸ், பேதோஸ், லோகோஸ்: பட்டியல் போட்டால் கட்டுரை ஆகிவிடுமா?

அமெரிக்கப் பள்ளி மாணவர்கள், பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில், எழுதும் 'ஏ.பி. லாங்குவேஜ்' என்ற கல்லூரி நிலை ஆங்கிலத் தேர்வுக்கு இணையவழியில் டியூஷன் எடுக்கிறேன். திருச்சியில் காலை ஆறு மணி என்றால் டல்லாஸில் முந்தைய நாள் மாலை. திரைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் பலரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். ஆங்கிலம் அவர்களுக்கு என்னைவிடச் சரளமாக வரும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேருகிறவர்களின் முதல் கட்டுரையைப் படிக்கும்போது போன ஆண்டுக் கட்டுரையையே மறுபடி படிப்பது போலிருக்கிறது. கல்லூரியில் நான் எழுதியவையும் ஏறக்குறைய இதே லட்சணம்தான். எழுத்துப்பிழை, பத்தி பிரிப்பது, கால்புள்ளி ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. எழுத எழுத அவை சரியாகிவிடும். எத்தனை எழுதினாலும் சரியாகாதவை சில உண்டு.

தேர்வைப் பற்றி இரண்டு வரி. மே மாதம் நடக்கிறது. கட்டுரைப் பகுதிக்கு 2 மணி 15 நிமிடம், மூன்று கட்டுரைகள். கொடுத்த ஆதாரங்களைக் கொண்டு வாதிடுவது ஒன்று. சொந்தமாக வாதிடுவது இன்னொன்று. நடுவில் இருப்பதுதான் 'ரெட்டாரிக்கல் அனாலிசிஸ்'. ஒருவர் தம் பேச்சாலோ எழுத்தாலோ எதிரில் இருப்பவரை எப்படி இணங்கவைக்கப் பார்க்கிறார் என்று ஆராய்ந்து எழுதவேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 மதிப்பெண். மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, சிந்தனை முதிர்ச்சிக்கு 1.

அணி வேட்டை

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். வினா ஓர் உரையையோ கடிதத்தையோ கொடுத்து, எழுதியவர் தம் நோக்கத்துக்காக எவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அவை எப்படி வேலை செய்கின்றன என்று கேட்கிறது. மாணவர் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார். எண் கண்ணில் பட்டால் லோகோஸ், அதாவது தர்க்கம். உருக்கம் வந்தால் பேதோஸ், அதாவது உணர்ச்சி. பதவியோ கடவுளோ வந்தால் ஈதோஸ், அதாவது பேசுகிறவர்மீது வரும் நம்பிக்கை. அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றும் பைக்குள் விழுந்தபின் அனஃபரா (அடுத்தடுத்த வாக்கியங்களை ஒரே சொல்லில் தொடங்குவது), உருவகம், வினா என்று மிச்சமிருப்பவற்றையும் பிடித்துப் போடுகிறார். பை நிறைந்ததும் கட்டுரை முடிந்துவிடுகிறது. சாம்பார் ஏன் ருசிக்கிறது என்று கேட்டால் அஞ்சறைப் பெட்டியில் உள்ளவற்றை ஒப்பிக்கிற பதில் இது.

தமிழ்ப் பாடம் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கத்தின் ஊற்று தெரியும். 'இக்குறளில் பயின்று வந்துள்ள அணி யாது?' என்றால் 'ஏகதேச உருவக அணி' என்று எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் நாம். தொடர்புடைய இரண்டில் ஒன்றை உருவகம் செய்துவிட்டு மற்றதை ஏன் அப்படியே விட்டார் வள்ளுவர் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அங்கேதான் பகுப்பாய்வு தொடங்கியிருக்கும்.

ஒரு மாணவி முதல் வகுப்பிலேயே லேமினேட் செய்த ஓர் அட்டையைத் திரைமுன் பிடித்துக் காட்டினாள். முந்தைய டியூஷனில் கொடுத்தது. நாற்பதுக்கு மேற்பட்ட அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம், அகர வரிசையில். அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். நான் காந்தியின் கடிதத்தை நடத்தத் தொடங்கி வகுப்புகள் சில கடந்ததும் அவளுடைய அப்பா அழைத்தார். "சார், போன இடத்தில் ஒரே மாதத்தில் நாற்பது டிவைஸ் முடித்துவிட்டார்கள். நீங்கள் ஒரு கடிதத்தையே விடாமல் நடத்துகிறீர்களே?" அவரைக் குறை சொல்லமாட்டேன். அட்டையை எண்ணிப் பார்க்க முடிகிறது. நான் செய்வதை எண்ண முடியாது. என் கோபமெல்லாம் அட்டையை விற்றவர்கள்மீது.

காந்தி 1930 மார்ச் 2 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதம் அது. உப்புச் சட்டத்தை மீறப்போவதை முன்கூட்டியே அறிவிக்கிறது. அதன் இறுதிப் பகுதி 2019-ஆம் ஆண்டு இந்தத் தேர்விலேயே வினாவாக வந்தது. நான் முழுக் கடிதத்தையும் கொடுப்பேன், ஏனென்றால் நடுவில்தான் சம்பளக் கணக்கு இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி மாணவி ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'காந்தி வைஸ்ராயின் சம்பளத்தைக் குறிப்பிட்டு லோகோஸைப் பயன்படுத்துகிறார். இது வாசகரைத் தர்க்கரீதியாகச் சிந்திக்க வைக்கிறது. பிறகு முழந்தாளிட்டுக் கேட்பதாகச் சொல்லி பேதோஸைப் பயன்படுத்துகிறார். இது வாசகரின் உணர்ச்சியைத் தூண்டுகிறது.'

இதில் காந்தியை எடுத்துவிட்டுச் சோப்பு விளம்பரம் எழுதுகிறவரை வைத்துப் பாருங்கள். சம்பளத்துக்குப் பதில் விலை. வேறொன்றும் மாற்றவேண்டாம். எந்த உரைக்கும் பொருந்துகிற பத்தி எந்த உரையையும் பற்றியதாக இருக்கமுடியாது. நான்கு மதிப்பெண்ணில் இதற்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும், அதற்குமேல் நகராது.

கடிதத்தில் இருப்பது என்ன? வைஸ்ராய் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் பெறுகிறார், அதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியனின் சராசரி வருமானம் நாளுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கில் மாணவியையே பெருக்கிப் பார்க்கச் சொன்னேன்: 700 ரூபாய் 11,200 அணா, இரண்டால் வகுத்தால் 5,600. ஐயாயிரம் மடங்குக்கு வெகுமேல் என்கிறார் காந்தி. கணக்கு சரியாக இருக்கிறது. அத்தோடு அவர் நிறுத்தவில்லை. பிரிட்டிஷ் பிரதமரை இழுக்கிறார். அவருக்கு நாளுக்கு 180 ரூபாய், பிரிட்டிஷ் குடிமகனின் சராசரியோ ஏறக்குறைய இரண்டு ரூபாய், தொண்ணூறு மடங்குதான். எந்த அளவுகோலை எடுத்திருக்கிறார் பாருங்கள். இந்தியாவின் வறுமையை மட்டும் சொல்லியிருந்தால் ஆங்கிலேயர் ஒருவர் 'ஏழை நாடு, அப்படித்தான் இருக்கும்' என்று கடந்துவிடலாம். இர்வினின் சொந்த நாட்டு நியாயத்தை வைத்தே இர்வினின் சம்பளத்தை அளக்கும்போது அப்படிக் கடக்க வழியில்லை.

அடுத்த வரிகள்தான் என் மாணவியின் கண்ணில் படவே இல்லை. அட்டையில் அவற்றுக்குப் பெயர் கிடையாது. உங்கள் மனத்தைப் புண்படுத்த விரும்பவில்லை, உங்களுக்கு அந்தச் சம்பளம் தேவையில்லை என்று அறிவேன், ஒருவேளை முழுவதும் தருமத்துக்கே போகிறதோ என்னவோ என்கிறார் காந்தி. கடிதத்தைப் படிக்கிறவரே குற்றத்துக்கு எடுத்துக்காட்டும்கூட. இந்த நிலையில் எந்த மனிதரும் அடுத்த வரியில் தம்மைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார். அதற்கு வேலையே இல்லாமல் மனிதரைக் காந்தி முதலில் விடுவித்துவிடுகிறார். இர்வின் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உடையவர். தருமம் செய்கிறவர் என்ற மரியாதை அவருக்கு உவப்பானது. மனிதர் விலகியபின் ஏற்பாடு மட்டும் தனியாக நிற்கிறது. இத்தகைய ஏற்பாட்டை உடனே ஒழிக்கவேண்டும் என்ற அடி அப்போதுதான் விழுகிறது. இங்கே லோகோஸ் எது, பேதோஸ் எது என்று பிரித்துப் பெயர் ஒட்டினால் நடந்த காரியம் கலைந்துவிடும்.

கடிதத்தைக் கொண்டுபோன ஆளும் கடிதத்தின் பகுதிதான். இந்திய விடுதலையை ஆதரித்த ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற இளம் ஆங்கிலேயரின் கையில் கொடுத்தனுப்பினார். பெயரைச் சொல்லாமல், ஓர் இளம் ஆங்கில நண்பர் என்று கடிதத்திலேயே எழுதியும் வைத்தார். எங்கள் சண்டை ஆங்கிலேயர்களோடு அன்று என்பதைக் கடிதம் வாயால் சொல்கிறது. வாசலில் வந்து நின்ற முகம் அதற்குச் சாட்சி.

அட்டையை ஓரமாக வைத்துவிட்டு எழுதுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்கிறேன். யார் பேசுகிறார்? யாரிடம், எந்த நேரத்தில்? பேச்சைக் கேட்டவர் மறுநாள் காலை என்ன செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்? பிறகு ஒரு சோதனை. முக்கியம் என்று தோன்றும் வரியை அடித்துவிட்டு மிச்சத்தைப் படி. எது இல்லாமல் போயிற்று? அந்தப் பதில்தான் பத்தி. தரும வரியை அடித்துவிட்டுப் படித்த மாணவி, "இப்போது திட்டுவதுபோல் இருக்கிறது" என்றாள். அதையே எழுது என்றேன். அணியின் பெயர் தெரிந்தால் போகிற போக்கில் சொல்லலாம். தெரியாவிட்டாலும் நட்டமில்லை.

'சொற்களைப் பயன்படுத்துகிறார்'

'ஆசிரியர் டிக்ஷனை, அதாவது சொல்தேர்வை, பயன்படுத்துகிறார்.' சொல்லே இல்லாமல் எழுதியவர் யாராவது உண்டா?

'திறம்பட'

வினா எப்படி என்று கேட்கிறது. மாணவர்கள் வெற்றி என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். 'காந்தி வைஸ்ராயைத் திறம்பட இணங்கவைக்கிறார்' என்று எழுதாதவர் குறைவு. இர்வின் இணங்கவில்லை. சட்டமீறலும் பொது அமைதிக்கு ஆபத்தும் வரும் வழியை எடுத்திருப்பதற்கு வருந்துவதாகத் தம் செயலர் மூலம் சில வரிகளில் பதில் அனுப்பினார். முழந்தாளிட்டு ரொட்டி கேட்டேன், கல் கிடைத்தது என்றார் காந்தி.

அப்படியானால் கடிதம் தோற்றதா என்று கேட்டால் வகுப்பு சூடுபிடிக்கும். மார்ச் 12 அன்று, யாத்திரை கிளம்பிய நாளில், அதே கடிதம் 'யங் இந்தியா'வில் வெளியானது. முகவரியில் ஒருவர் பெயர் இருந்தாலும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்கும் கூட்டம் ஒன்று உண்டு என்று காந்திக்குத் தெரியும். இதைப் பிடித்த மாணவர் 'திறம்பட' என்ற சொல்லைத் தேடவே மாட்டார்.

வரலாற்றைக் கொட்டுவது

நம் வீட்டுப் பிள்ளைகளின் தனி வியாதி. காந்தி என்றதும் தண்டி, ஏப்ரல் 6, பிடியுப்பு, 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது, கொள்ளுத்தாத்தா கதை என்று முதல் பக்கம் நிறைந்துவிடும். எனக்கும் பெருமைதான். மதிப்பெண் கடிதத்துக்கு.

எதிர்த்தரப்பைப் பொம்மையாக்குவது

சொந்த வாதக் கட்டுரையில் 'எதிர்வாதத்தையும் சொல்' என்று பள்ளியில் கற்றுத்தருகிறார்கள். பிள்ளைகளும் சொல்கிறார்கள், ஒரே அடியில் விழுகிற எதிர்வாதமாகப் பார்த்து. பட்டிமன்றத்தில் எதிரணியைக் கிண்டலடித்துக் கைத்தட்டல் வாங்குவதுபோல. அங்கே நடுவர் சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். காகிதத்தில் அது எடுபடாது.

பள்ளியில் கைபேசிக்குத் தடை வேண்டும் என்று ஒரு மாணவன் எழுதினான். எதிர்த்தரப்பு என்று அவன் காட்டியது: 'சிலர் விளையாடுவதற்குக் கைபேசி வேண்டும் என்பார்கள்.' உன் அம்மா இந்தத் தடைக்கு ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். அறைக்கு வெளியே இருந்தவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். பள்ளியில் துப்பாக்கிச்சூடு என்றால் மகனின் குரலை எப்படிக் கேட்பேன் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இது நாடகப் பேச்சன்று; பெற்றோர் பலர் முன்வைக்கும் காரணம். அவன் அந்த அச்சத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது பழைய கட்டுரையில் பாதி உதிர்ந்தது. ஆபத்து வேளையில் கையிலுள்ள கைபேசி ஒளிந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் அவனுக்கு வந்தது. முதல் வரைவில் அதன் சாயல்கூடக் கிடையாது.

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரல் 16 தேதியிட்டு பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைப் படிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். தம்மைக் கண்டித்து அறிக்கைவிட்ட எட்டு வெள்ளைக் குருமார்களுக்குப் பதில் எழுதுகிறார். நல்லெண்ணம் உடையவர்கள் என்று தொடங்குகிறார். சட்டத்தை மீறுவது குறித்த அவர்களுடைய கவலை நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறார். பள்ளிகளில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்த 1954 தீர்ப்புக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்லும் நாங்களே சட்டத்தை மீறுவது முரணாகத் தோன்றலாம் என்று எதிர்த்தரப்பின் வலுவான கேள்வியைத் தாமே எழுப்புகிறார். நீதியான சட்டம், அநீதியான சட்டம் என்ற புகழ்பெற்ற பகுதி அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பிறக்கிறது.

மேற்கோளில் தொடங்குவது

வேண்டாம். திருக்குறளாக இருந்தாலும்.

ஆறாவது மதிப்பெண்

'அந்த முதிர்ச்சி மதிப்பெண்ணை எப்படி வாங்குவது?' என்பது அடிக்கடி வரும் கேள்வி. முதலில் நான்கை வாங்கு.

டியூஷன் ஆசிரியரைத் தவறாகப் பயன்படுத்துவது

மாதிரிக் கட்டுரை கேட்பார்கள். கொடுத்தால் அதன் முதல் வாக்கியம் அடுத்த நான்கு வாரம் எல்லாக் கட்டுரைகளிலும் தலைகாட்டும், உரை எதுவாக இருந்தாலும். ஆகவே நான் கொடுப்பதில்லை. முடிந்தால் மாணவர் முன்னாலேயே, அவர் பார்க்க, ஒரு பத்தியை எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். அடிப்பதைப் பார்ப்பதில்தான் பாடம் இருக்கிறது.

இன்னொன்று, கட்டுரை என்னிடம் வருமுன் வீட்டில் திருத்தப்படுவது. அலுவலகத்தில் நாளெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிற அப்பாக்களுக்கு ஒரு பத்தியைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. அவர் திருத்திய பிரதியில் நான் திருத்துவது அவருடைய ஆங்கிலத்தை. மகள் எங்கே தடுமாறினாள் என்று எனக்குத் தெரிவதே இல்லை. நாற்பது நிமிடம் வைத்து எழுதியதை, பாதியில் நின்றிருந்தாலும், அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.