தரைக்கு மேலே ஒரு அல்லிக்குளம்: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழி தோண்டாமல், செங்கல் சுவர் எழுப்பித் தரைக்கு மேலேயே அல்லிக்குளம் கட்டுவது நல்ல யோசனை. மழைக்குச் சேறு வழிந்து உள்ளே வராது. குனிந்து நிமிரச் சிரமப்படும் பெரியவர்களும் பராமரிக்கலாம். ஆனால் பலர் இதைப் பெரிய பூந்தொட்டி என்று நினைத்தே வேலையைத் தொடங்குகிறார்கள். தவறுகளில் பாதி அந்த நினைப்பில் வருவதுதான்.

முதலில் எடையைப் பாருங்கள். ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம் என்றால் 48 கன அடி. கிட்டத்தட்ட 1,360 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 1,360 கிலோ. சுவரும் மண்ணும் கூழாங்கல்லும் தனி. இதை மொட்டைமாடியில் கட்ட ஆசைப்படுகிறவர்கள் நிறைய. ஆட்கள் நடமாடும் மாடித்தளத்தில் கூடுதலாக ஏறும் பாரத்துக்கு இந்தியத் தரவிதி வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். இரண்டடித் தண்ணீர் நின்றால் அதே சதுர மீட்டரில் 600 கிலோ ஏறும். கட்டடப் பொறியாளர் நேரில் பார்த்துச் சம்மதம் சொல்லாமல் மாடியில் குளமே வேண்டாம். மாடியில் அல்லிதான் வேண்டுமென்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பும் ஒரு கிழங்கும் போதும், அழகாகவே பூக்கும்.

தரையில் கட்டினாலும் அடித்தளத்தைக் கவனிக்க வேண்டும். புதிதாக மண் கொட்டி மேடாக்கிய மனையில், கெட்டிக்காமல் அப்படியே கட்டினால் ஒரு மழைக்காலத்தில் மண் இறங்கி ஒரு மூலை சாயும், விரிசல் விடும். தண்ணீர் பக்கவாட்டிலும் தள்ளும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன ஆறடிச் சுவர் மேல் விழும் மொத்தத் தள்ளுவிசை 340 கிலோவுக்குப் பக்கம். நாலரை இன்ச் சுவர் இதற்குப் போதாது. ஒன்பது இன்ச் சுவராகக் கட்டச் சொல்லுங்கள். உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துப் பூசச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும். அடியில் ஒரு வடிகால் குழாயும், விளிம்புக்குக் கீழே வலை கட்டிய வழிந்தோடும் துளையும் பூச்சு வேலைக்கு முன்பே வைத்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் விளிம்பைத் தாண்டினால் மீன்களும் சேர்ந்து வாசலுக்கு வந்துவிடும்.

இனி நான் அதிகம் வருத்தப்படும் தவறு: பூச்சு காய்ந்ததும் தண்ணீரை நிரப்பி, அந்த வாரமே மீன் விடுவது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரின் காரத்தன்மை பிஎச் அளவில் 11க்கு மேலேகூடப் போகலாம். நன்னீர் மீன்களுக்கு ஏற்றது ஏறக்குறைய 6.5 முதல் 8.5 வரைதான். கண்ணுக்கு அந்தத் தண்ணீர் பளிங்காகத் தெரியும், ஏமாற்றுவதும் அதுதான். உற்றுப் பார்த்தால் மேலே மெல்லிய வெள்ளை ஏடு மிதக்கும், சுவரை விரலால் தேய்த்தால் வழுவழுவென்றிருக்கும். அதில் விட்ட மீன் செவுள் வெந்து, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் சாகும். கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பூச்சை நன்றாக நீராற்றிய பின் தொட்டியை நிரப்பி மூன்று நான்கு நாள் விடுங்கள். வடித்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். மூன்று நான்கு முறையாவது இப்படிச் செய்ய வேண்டும். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைப்பது மீன் வளர்ப்பவர்களின் பழைய வழக்கம். அதையும் செய்யலாம், பிறகு தண்டை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவ வேண்டும். கடைசியாக நிரப்பிய தண்ணீர் சில நாள் நின்ற பிறகும் பிஎச் தாளில் 8.5ஐத் தாண்டாவிட்டால்தான் மீன். முதலில் இரண்டு மூன்று மட்டும் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் ஒன்றிரண்டு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றுவது நல்லது.

இடத்தேர்வு சுலபம். அல்லிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும், ஆனால் நம் ஊர் மேற்கு வெயில் நேராகச் சுவரில் அடித்தால் தண்ணீர் கொதிக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள மூலையைப் பிடியுங்கள், வேம்புக்கும் தென்னைக்கும் அடியில் மட்டும் வேண்டாம்.

கொஞ்ச நாளில் தண்ணீர் பச்சையாகும். உடனே முழுவதையும் இறைத்துக் கொட்டிப் புதுத் தண்ணீர் பிடிக்கிறார்கள். மறுபடி பச்சைதான் ஆகும், ஏனென்றால் கழிவை உண்டு தெளியவைக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொட்டிவிட்டோம். பச்சைப் பாசிக்கு வெயிலும் சத்தும் மிதமிஞ்சிக் கிடைக்கிறது என்று அர்த்தம். மீன் தீனியைக் குறையுங்கள். பசுஞ்சாணம் போடாதீர்கள். அல்லியை நட்டுக் குளத்துக்குள் இறக்கி வைக்கும் தொட்டியில் தென்னைநார்க் கழிவு கலந்த மண் வேண்டாம், மிதந்து கலங்கும். களிமண்ணை நிரப்பி மேலே ஒரு விரல் கனம் மணல் போடுங்கள். இலைகள் தண்ணீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் பாசி தானாக அடங்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

மீன் இல்லாமல் தண்ணீரை நிறுத்தி வைப்பதும் தவறு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். மீன் விடத் தயாராகும்வரை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வடித்துச் சுவரைத் தேய்த்துவிடுங்கள், முட்டை ஈரச்சுவரில் ஒட்டியிருக்கும். பிறகு நாலைந்து கப்பி மீன்கள் புழுக்களைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டடிச் சுவர் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை மீனைப் பார்க்க எட்டிக் குனிவதற்குச் சரியான உயரம் அதுதான், தலைக்குப்புற விழுந்தால் சத்தமே வராது. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் நீர்மட்டத்தை ஒட்டி, மிதித்தாலும் வளையாத இரும்புக் கம்பி வலை கட்டாயம். தண்ணீர் மோட்டார் வைத்தால், மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாமல் இணைப்புக் கொடுக்கவே கூடாது.

ஒரு வருடம் போனால் மீனும் செடியும் பெருகும். மிச்சத்தை ஏரியிலோ கால்வாயிலோ விடுவது புண்ணியம் என்று நினைக்கிறார்கள். ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடியதும், தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கும் டேங்க் கிளீனர் மீன் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்ததும் இப்படித்தான். கப்பியும் வெளிநாட்டு மீன்தான். மிஞ்சிய மீனைக் கடையிலோ வளர்ப்பவரிடமோ கொடுங்கள், செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.