விஞ்ஞானிகள் அமைப்பின் அறிக்கையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க எரிசக்திக் கொள்கை பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் யூனியன் ஆஃப் கன்சர்ன்ட் சயன்டிஸ்ட்ஸ் என்ற விஞ்ஞானிகள் அமைப்பின் பெயர் வந்துவிடும். 1969-ல் எம்ஐடி (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. ஒரு தரப்பு அதன் அறிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும், இன்னொரு தரப்பு ‘அது போராட்டக் கும்பல்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடும். இரண்டுமே படிக்காமல் பேசுவதுதான்.

பெரிய தவறு, கணக்கையும் கோரிக்கையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. 2018 நவம்பரில் வந்த அணுமின் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அணு உலைப் பாதுகாப்பு விஷயத்தில் பல வருடங்களாக அரசை விடாமல் குடைந்த அமைப்பு இது, அதனால் அறிக்கை வந்ததும் ‘அணுமின் பக்கம் கட்சி மாறிவிட்டார்கள்’ என்று பேச்சு கிளம்பியது. திறந்து பார்த்தால் விஷயம் வேறு. அப்போது நாட்டின் அணுமின் நிலையங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டத்தில் ஓடின, அல்லது மூடுவதற்கு நாள் குறித்தாகியிருந்தது. இப்படி மூடும் நிலையில் இருப்பவை சீக்கிரமே மூடப்பட்டு, அந்த இடத்தைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு பிடித்துக்கொண்டால், 2035 வரையிலான மின்துறையின் மொத்தக் கார்பன் வெளியேற்றம் 4 முதல் 6 சதவீதம் கூடலாம். இதுவரை கணக்கு. பாதுகாப்பு விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் நிலையங்களுக்கு மட்டும், தற்காலிகமாக, நிதியுதவி தரலாம், கூடவே புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தையும் வளர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. கணக்கை மறுக்க வேண்டுமென்றால் எரிவாயு விலை பற்றிய அனுமானத்தைக் கேள்வி கேளுங்கள். கோரிக்கையை மறுக்க வேண்டுமென்றால் அதே பணத்தை வேறு எதில் போட்டால் கூடுதல் பலன் என்று காட்டுங்கள். ஒன்றில் ஜெயித்துவிட்டு மற்றதிலும் ஜெயித்ததாக நினைப்பவர்கள்தான் அதிகம்.

எதைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பிய்த்துக்கொண்டு போவது இன்னொன்று. மின்சாரக் கார் பற்றிய 2015 அறிக்கை, தயாரிப்பிலிருந்து கழித்துப்போடும் வரை எல்லாம் சேர்த்தால் பெட்ரோல் காரில் பாதி அளவுதான் கார்பன் மாசு என்றது. இதை வைத்து ‘மாசே இல்லை’ என்று பகிர்பவர்களும் உண்டு, ‘பேட்டரியைக் கணக்கில் சேர்க்கவில்லை’ என்று பாய்பவர்களும் உண்டு. பேட்டரி சேர்த்துத்தான் கணக்கு. செய்யும்போது கூடுதலாகும் மாசு, ஓட்ட ஆரம்பித்து ஒன்றரை வருடத்துக்குள் ஈடாகிவிடும் என்றும் அதிலேயே இருக்கிறது. அப்புறம், அன்றைய மின்சாரம் எதிலிருந்து வந்ததோ அதை வைத்துப் போட்ட கணக்கு அது. வருடத்தைச் சொல்லாமல் இன்று எடுத்துக்காட்டினால் அர்த்தமே மாறிவிடும்.

பணம் யார் கொடுத்தது? கேட்க வேண்டிய கேள்விதான். எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில், பருவநிலை அறிவியலில் சந்தேகம் கிளப்பும் 43 அமைப்புகளுக்கு 1998 முதல் 2005 வரை கிட்டத்தட்ட 1.6 கோடி டாலர் கொடுத்தது என்று 2007-ல் இவர்களே எழுதினார்கள். ஆனால் பணம் வந்த வழி சந்தேகப்படக் காரணமாகலாமே தவிர, எண் தப்பு என்பதற்கு ஆதாரம் ஆகாது. இது இவர்களுக்கும் பொருந்தும், இவர்கள் எதிர்ப்பவர்களுக்கும் பொருந்தும்.

உறுப்பினர் எல்லாரும் விஞ்ஞானி என்று நினைக்காதீர்கள். பணம் கட்டினால் யாரும் சேரலாம். பருவநிலை மாற்றத்தைச் சந்தேகிக்கும் ஒருவர் தன் நாயையே சேர்த்துவிட்டுக் கேலி செய்தார். சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் அறிக்கையை எழுதுவது சந்தா கட்டியவர் இல்லையே.

கடைசியாக, ஆதரிக்கிறவர்கள் செய்யும் தவறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு விதியின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது, அமைப்பு அனுப்பிவைத்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள். அது ஓட்டெடுப்பு இல்லை. ஒரே வாசகம் ஆயிரம் முறை வந்தாலும் முகமைக்கு அது பதில் சொல்ல வேண்டிய ஒரே வாதம்தான். புதிதாக ஒரு முக்கியமான வாதம் வந்தால் அதற்குப் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது, தாண்டினால் நீதிமன்றத்தில் அந்த விதியே அடிபடலாம். வரைவின் எந்த இடத்தில் எந்த அனுமானம் இடிக்கிறது, அதற்கு உங்கள் வேலையிலோ வசிக்கும் பகுதியிலோ என்ன தரவு இருக்கிறது என்று சொந்தமாக இரண்டு பத்தி எழுதினால் போதும்.