லேபிளில் 500 வாட், உள்ளே 300

கடையிலேயே பொருத்தி விற்ற கேமிங் கணினி ஒன்றைத் தம்பிக்கு வாங்கினோம். படம் பார்த்தால் ஒழுங்காக ஓடும். விளையாட்டில் காட்சி கனத்தவுடன் பட்டென்று அணைந்துவிடும். வெப்பநிலையைக் கவனித்தேன், சரியாகவே இருந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையின் லேபிளைப் படித்ததும் விஷயம் புரிந்தது.

பெரிய எழுத்தில் 500 வாட். கீழே கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 25 ஆம்பியர். பெருக்கினால் 300 வாட்தான்! பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் நம்பியிருப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். அதிலிருந்த ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். கண நேரத்துக்கு அதையும் தாண்டும். மீதி வாட்டெல்லாம் பவர் சப்ளை தரும் மற்ற மின்னழுத்தங்களான 3.3, 5 வோல்ட் கணக்கில் காட்டிய எண். வாங்குபவரின் காசோடு விளையாடும் இந்த வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பொறுக்கவில்லை.

12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட் தரும் 550 வாட் பவர் சப்ளையாக மாற்றினேன். அணைவது அன்றே நின்றது.

80 பிளஸ் முத்திரை இருந்தால் போதும் என்பார்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். அதிகச் சுமை, ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பணம் கட்டும் முன்பே லேபிளின் புகைப்படத்தையும் கேட்டு வாங்குங்கள்.