ழகரத்தில் போன ஐந்து மாதங்கள்: பேச்சொலிச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் துறையைப் படித்து முடித்துக் கிழக்குக்கு வருகின்ற இளையவர்களும், சில வேளைகளில் முன்பள்ளி ஆசிரியைகளும், பேச்சுச் சிகிச்சையாளரான நான் பிள்ளைகளைப் பார்க்கும்போது அருகில் அமர்ந்து கவனிப்பதுண்டு. போன மாதம் அப்படி வந்த ஒருவர், நான்கு வயதுச் சிறுமியின் முன் படங்களைப் பரப்பிவிட்டு, தன் கொப்பியில் க, ங, ச, ஞ என்று நெடுங்கணக்கு வரிசையில் கட்டம் போடத் தொடங்கினார். எனக்கு என்மீதே வந்த எரிச்சலை அவர் தன்மீது வந்ததாக எண்ணிப் பேனாவை வைத்துவிட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் நான் போட்டதும் அதே கட்டந்தான். அதற்கு நான் கொடுத்த விலையைக் கீழே எழுதியிருக்கிறேன். பிள்ளையை அதட்டக் கூடாது, வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன் நிறுத்திச் ‘சொல்லு, சொல்லு’ என்று நெருக்கக் கூடாது என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

செவிப் பரிசோதனைக்கு முன் சிகிச்சையைத் தொடங்குவது

தொடங்கக் கூடாது.

எழுத்தையே ஒலி என்று எண்ணுவது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு நாலு வயதுப் பையனை அவனுடைய அம்மம்மா அழைத்து வந்தார். ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் வந்து சேர்வார். அன்றைய கூலி வேலை அவருக்கு இல்லாமற்போகும். ‘இவன் கதைக்கிறது ஒருத்தருக்கும் விளங்குதில்ல மிஸ்’ என்றார். நான் படங்களைக் காட்டினேன். ககரத்துக்கு என் தாளில் இருந்த சொல் ‘அக்கா’. எந்தப் பிள்ளையும் எளிதில் சொல்லும் சொல் என்பதால் அதைத் தெரிந்தெடுத்திருந்தேன். அவன் ‘அக்கா’ என்று துல்லியமாகச் சொன்னான். ககரத்துக்கு எதிரே சரி போட்டேன். ழகரத்துக்கு வாழைப்பழம். அவன் ‘வாளப்பளம்’ என்றான், பிழை போட்டேன். ரகரமும் அவனுக்கு யகரமாக வந்தது. ஆனால் அந்த வயதில் ரகரத்துக்கு அவகாசம் உண்டு என்று படித்திருந்ததால் அதை ஒத்திவைத்தேன். மிஞ்சியது ழகரம். கண்ணாடியை முன்னால் வைத்து, நாக்கு நுனியை மேலே மடக்கிக் காட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என ஐந்து மாதம் அவனுக்கு ழகரம் கற்பித்தேன்.

ஐந்தாம் மாதம் அம்மம்மா ஒரு முறைப்பாட்டோடு வந்தார். பையன் கடைக்குப் போய்த் ‘தச்சான்’ கேட்கிறானாம், கடைக்காரருக்கு விளங்கவில்லையாம், கச்சான் வாங்காமலேயே அழுதுகொண்டு திரும்பி வந்தானாம். முன்பள்ளியில் மரத்தைக் காட்டித் ‘தாகம்’ என்றானாம். ஆசிரியை தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தாராம். அவன் காட்டியது காகத்தை. இதைச் சொல்லிவிட்டு அம்மம்மா தன் கைப்பையிலிருந்து எனக்கென்று கொண்டுவந்ததை எடுத்து மேசையில் வைத்தார். ‘வாளப்பளம் மிஸ், வீட்டு மரத்துல காச்சது.’

அவருடைய வாயில் ழகரம் இல்லை. அவருடைய மகளின் வாயிலும் இல்லை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் ழகரம் எழுத்தில் மட்டுந்தான் வாழ்கிறது. பேச்சில் அது ளகரத்தோடு கலந்துவிட்டது. தன் வீட்டார் பேசுவதை அப்படியே பிடித்து, ஒரு பிசகுமில்லாமல் பேசிய பிள்ளைக்கு, நான் அந்தச் சொல்லைப் பிழை என்று எழுதி ஐந்து மாதம் மருந்து கொடுத்திருக்கிறேன். அதே வேளையில், சொல்லின் தொடக்கத்தில் வரும் ககரம் முழுவதும் அவனிடம் தகரமாகிக்கிடந்தது. கடை ‘தடை’, கை ‘தை’, காய் ‘தாய்’, கட்டு ‘தட்டு’. அந்தக் கோளாறு என் தாளில் சரி என்று பதிவாகியிருந்தது.

இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்ததும், இருந்த நோயைக் காணாமல் விட்டதும் ஒரே காரணத்தால் நேர்ந்தவை. தமிழில் ஒரு வல்லின எழுத்து ஓர் ஒலி அன்று. ‘கடை’யின் தொடக்கத்தில் வருவது வெடித்து வரும் ஒலி; ‘மகன்’, ‘முகம்’ என்பவற்றின் நடுவில் வருவது ஹகரத்தை ஒட்டிய மெல்லிய உரசல்; ‘அக்கா’வில் வருவது நீண்டு அழுந்தி நிற்பது; ‘பங்கு’வில் மெல்லினத்துக்குப் பின்னால் குரல் சேர்ந்து ஒலிப்பது. ஒரு பிள்ளைக்கு இந்த நான்கில் ஒன்று வந்து மற்றது வராமல் இருப்பது சாதாரணம். அந்தப் பையனுக்கு இரட்டித்த ககரம் நன்றாக வந்தது. ‘காகம்’ என்ற ஒரே சொல்லில் முதற்ககரம் போய் நடுக்ககரம் நின்றது. சகரம், டகரம் முதலியவற்றுக்கும் இதே கதைதான்.

இதைச் சொன்னால், ‘தெரியுமே மிஸ், படித்திருக்கிறோமே’ என்கிறார்கள். தெரியும்தான். பேனா கையில் வந்ததும் கட்டம் நெடுங்கணக்கு வரிசையில் விழுகிறதே, அதைத்தான் நான் சொல்கிறேன். ஒரு பயிற்சியாளர் ரகரத்தைச் சோதிக்க ‘ரயர்’ படத்தை வைத்திருந்தார். நம் நாட்டில் அந்தச் சொல்லை ரகரம் போட்டு எழுதுகிறோமே தவிர, அங்கே ஒலிப்பது ‘வெற்றி’யில் இரட்டித்து வரும் ஒலியின் ஒற்றை வடிவம். பிள்ளை சரியாகச் சொன்னது; தாளில் பிழை விழுந்தது.

எழுத்தில் வேறாயிருப்பதெல்லாம் பேச்சில் ஒன்றாகிவிடும் என்று மறுபக்கம் சாய்வதும் ஆகாது. ழகர ளகரக் கலப்பை ஏற்றுக்கொண்ட ஒருவர், அதே கையோடு லகர ளகரக் கலப்பையும் ‘ஊர் வழக்கு’ என்று எழுதி வைத்தார். காத்தான்குடியில் வாப்பாவோடு பள்ளிக்குப் போய் வந்த பிள்ளை, ‘பல்லிக்குப் போனேன்’ என்று சொன்னால் அந்த வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். ஏனென்றால் அந்த வீட்டில் பள்ளியும் பல்லியும் வேறுவேறாகவே ஒலிக்கின்றன. வீட்டில் உள்ள வேறுபாடு பிள்ளையிடம் இல்லையென்றால் அதைக் கவனிக்க வேண்டும். வீட்டிலேயே இல்லாத வேறுபாட்டைப் பிள்ளையிடம் தேடக் கூடாது. பாத்திமா என்ற பெயரின் முதலொலியை உம்மா எப்படிச் சொல்கிறார் என்று கேளாமல், பிள்ளை சொன்னதற்குப் பிழை போடுவதும் இதில் அடங்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். பிள்ளையை அழைத்து வந்தவர் தாயோ அம்மம்மாவோ மூத்தம்மாவோ யாராக இருந்தாலும், முதலில் அவரிடம் அத்தனை படங்களையும் காட்டிப் பெயர் சொல்ல வைக்கிறேன். அவர் சொன்னதை, ஒலித்தபடியே, இடப்பக்கத்தில் எழுதுகிறேன். பிள்ளை சொன்னது வலப்பக்கம். ஒப்பிடுவது இடத்தோடு வலத்தைத்தான், பாடப்புத்தகத்தோடு அன்று. ககரத்துக்கு ஒரு வரி போதாது. தொடக்கம், நடு, இரட்டிப்பு, மெல்லினத்துக்குப் பின் என நான்கு வரி. பெரியவர்கள் படத்தைக் கண்டதும் நல்ல தமிழ் பேச முயன்று ‘வாழைப்பழம்’ என்று அழுத்திச் சொல்வதும் உண்டு; அப்போது படத்தை மூடிவிட்டு, சந்தையில் பழம் என்ன விலை என்று பேச்சுக் கொடுத்தால் இயல்பான ஒலி தானே வந்துவிடும்.

பாடசாலையில் சொல்வதெழுதுதலுக்கு ழகரம் வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அது நியாயமான ஆசை. ஆனால் அது எழுத்துப் பாடம், ஆசிரியரின் வேலை.

மாற்றத்தின் திசையை எழுதாமல் விடுவது

‘க–த குழப்பம்’ என்று எழுதப்பட்ட தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலை வலிக்கிறது. ‘கடை’ ‘தடை’யாவதும், ‘தண்ணி’ ‘கண்ணி’யாவதும் ஒன்றல்ல. பின்நாக்கில் பிறக்க வேண்டிய ஒலி முன்னுக்கு வருவது சிறு பிள்ளைகள் பலரிடம் காணப்படுவது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் மூன்றரை வயதளவில் அது மறைந்துவிடும் என்கிறார்கள். முன்னால் பிறக்க வேண்டியது பின்னுக்குப் போவது வழமையான வளர்ச்சிப் பாதையில் அரிதானது. அப்படிப்பட்ட பிள்ளையை வயதைக் காட்டிக் காத்திருக்க வைக்காமல், செவியையும் அண்ணத்தையும் உடனே பரிசோதிக்க அனுப்ப வேண்டும்.

விசில், பலூன், நாக்குப் பயிற்சி

பலூன் ஊதினால் பலூன் ஊத வரும். பேச்சொலிக்கு அதனால் பயன் உண்டு என்று நம்புவதற்குத் தக்க சான்று இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015 இல் வெளியிட்ட மீளாய்வு தேடித் தேடியும் தகுதியான ஆய்வுகள் 3 மட்டுமே அகப்பட்டன, அவற்றிலும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 537 சிகிச்சையாளர்களிடம் எடுத்து 2008 இல் வெளியிட்ட கணிப்பில் 85 வீதத்தினர் இத்தகைய பயிற்சிகளைச் செய்விப்பதாகச் சொன்னார்கள் என்பதால், இந்தப் பழக்கம் நம்மிடம் மட்டும் உள்ளதன்று. பெற்றோருக்கு விசில் பிடிக்கிறது. ஏதோ நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அரை மணித்தியாலத்தில் பிள்ளை நூறு தடவை சொல்லியிருக்க வேண்டிய சொல் சொல்லப்படாமல் போகிறது என்பது தெரிவதில்லை.

நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டிவிட்டால் பேச்சு தெளியும் என்பது

லகரமும் டகரமும் தெளிவாகச் சொல்லும் பிள்ளையின் நாக்கை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் மொழியை நிறுத்தச் சொல்வது

அம்பாறைப் பக்கத்தில் தமிழும் சிங்களமும் கேட்டு வளரும் பிள்ளைகள் பலர். இரண்டு மொழி கேட்பதால் ஒலிக்கோளாறு வருவதில்லை.

‘ஐந்து வயதில் சரிவரும்’ என்று அனுப்பிவிடுவது

27 மொழிகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பெரும்பாலான மெய்யொலிகளைப் பிள்ளைகள் 5 வயதுக்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று காட்டியது. இதைப் பிடித்துக்கொண்டு, 5 வயது வரை யாரும் வரவேண்டாம் என்று சொல்கிறார்கள். அந்தக் கட்டுரை சொல்வது 5 வயதுக்குள் வந்து முடிகிறது என்பதே அல்லாமல், 5 வயதில் தொடங்குகிறது என்பதன்று. ஓர் எழுத்துக்கு ஒரு வயது என்று அட்டவணை தேடுவதைவிட, நான்கு வயதுப் பிள்ளை பேசுவது முன்பின் தெரியாத ஒருவருக்கு விளங்குகிறதா என்று கேளுங்கள். தாய்க்கு விளங்குகிறதா என்று கேட்பதால் ஒன்றும் தெரியவராது. தாய்க்கு எல்லாம் விளங்கும். கடைக்காரரையும் முச்சக்கரவண்டிக்காரரையும் பற்றிக் கேளுங்கள். நான் அந்த அம்மம்மாவிடம் முதல் நாளே அதைக் கேட்டிருந்தால் கச்சான் கதை அன்றைக்கே வெளிவந்திருக்கும்.

வீட்டுக்குக் கொடுக்கும் தாள்

இருபது சொற்களை அச்சடித்துக் கொடுப்பவர்கள் அடுத்த முறை அந்தத் தாள் மடிப்புக் கலையாமல் திரும்பி வருவதைப் பார்த்திருப்பார்கள். அதில் ‘கங்காரு’ இருக்கும், ‘கோபுரம்’ இருக்கும். அந்த வீட்டில் கங்காருவைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? பையனின் தாளை நான் இரண்டாந்தடவை எழுதியபோது, காய்–தாய், கட்டு–தட்டு என்ற இணைகளைப் படங்களாக்கி என்னிடமே வைத்துக்கொண்டேன். அவன் ‘தாய்’ என்றால் தாயின் படத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன். தான் கேட்டது மாங்காயைத்தான் என்று அவனுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நாக்கு பின்னுக்குப் போகப் பழகும். அம்மம்மாவின் கையில் கொடுத்தவை ஐந்து சொற்கள்: கை, கடை, குடை, கச்சான், கோழி. ஒரு நாளில் அவர்கள் எப்படியும் சொல்லித் தீர வேண்டிய சொற்கள் அவை. தாளின் கீழே அவருக்காக இன்னொரு வரியும் எழுதி வாசித்துக் காட்டினேன்: கோழியை அவன் ‘கோளி’ என்று சொன்னால் அது முழுச் சரி.