வெப்காமிக்ஸுக்கு பேனர்: ஒரு முகம், ஒரு கேள்வி, மிச்சம் வெற்றிடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். பகலெல்லாம் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி. ராத்திரி என் வெப்காமிக்ஸ், அதாவது நெட்டில் தொடராகப் போடும் காமிக்ஸ். அதற்கு வாசகரைக் கூட்டிவர நெட்டில் விளம்பர பேனரும் செய்கிறேன். ரெண்டுமே பேனர் வேலைதானே, கடையில் செய்வதையே கொஞ்சம் சின்னதாக்கி நெட்டில் போட்டால் ஆச்சு என்று பல பேர் நினைக்கிறார்கள். ஆகாது.

கடைக்கு வருகிற பெரியவர் சொல்வார்: "தாய்மாமன் படம் பெருசா வரணும் பாப்பா. சித்தப்பாங்க கீழ வரிசையா. மேல குலசாமி, மூலையில தலைவர். இடம் இருந்தா மச்சான் பசங்களையும் சேத்துடு." அவர் கேட்பதில் தப்பே கிடையாது. அந்த ஃப்ளெக்ஸைப் பார்க்கிறவர்கள் சொந்தக்காரர்கள். நின்று, தன் முகம் எங்கே என்று தேடிப் பார்ப்பார்கள். ஒருத்தர் விட்டுப்போனால் பந்தியில் பேச்சு வரும். நெட்டில் உங்கள் பேனரைப் பார்ப்பவருக்கோ அந்தக் கதையில் யாரும் சொந்தமில்லை. வேறு எதையோ படிக்க வந்தவர், விளம்பரம் இருக்கும் இடத்தைக் கண்ணாலேயே தாண்டிப் பழகியவர். அவரிடம் பத்து முகத்தைக் காட்டினால் பத்தையும் தாண்டிவிடுவார்.

அதனால் கதைத் தலைப்பு பெரிசாக, கதாபாத்திரங்கள் எல்லாரும் வரிசையாக, கீழே "புதிய தமிழ் காமிக்ஸ்! இலவசம்! படியுங்கள்!" என்று போடும் எண்ணத்தை முதலில் விடுங்கள். அது காதுகுத்து பேனர்.

எந்தக் கட்டத்தை எடுப்பது

என் கதையை வைத்தே சொல்கிறேன். கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், ராத்திரி ஆட்டோ ஓட்டும் ஒருத்தர். சில சவாரிகள் தெருப் பெயர் சொல்வதில்லை, வருஷத்தைச் சொல்கிறார்கள். ஒருத்தர் 1993க்குப் போகணும் என்பார். இன்னொருத்தர் ஏறியதுமே செல்லாத நோட்டை நீட்டுவார். இதில் பேனருக்கு எதை எடுப்பது? ஆட்டோ கெடிலம் பாலத்தில் பறக்கும் பக்கம்தான் நான் அதிகம் உழைத்து வரைந்தது. அது வேண்டாம். உழைப்பு அதிகம் போன படமும் பேனருக்கான படமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அந்தப் பாலத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடுதான் மிஞ்சும்.

நான் எடுத்தது ஆட்டோவின் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் சின்னக் கண்ணாடி. அதில் பின்சீட்டுப் பாட்டியின் கண்கள் மட்டும். இரண்டே வரி வசனம்:

"எங்க ஆயா போகணும்?"
"2004க்குப் போப்பா."

அவ்வளவுதான். தலைப்பு மூலையில் சின்னதாக. தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இது: கதை தெரியாத ஒருத்தரிடம் அந்த ஒரு கட்டத்தை மட்டும் காட்டுங்கள். "நல்லாருக்கு" என்றால் வேண்டாம். "அப்புறம்?" என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது நடந்து முடிந்த கட்டத்துக்கு "நல்லாருக்கு" கிடைக்கும். நடக்கப்போகிற கட்டத்துக்குத்தான் "அப்புறம்?" வரும்.

பாட்டிக்குப் பின்னால் சுனாமி அலையை வரையலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கிளிக் நிறைய விழும், சந்தேகமில்லை. ஆனால் இங்கே சில்வர் பீச்சுக்குப் பக்கத்திலேயே, 2004இல் சுனாமி அடித்த தேவனாம்பட்டினம் இருக்கிறது. அங்கே அந்த வருஷத்தைச் சொன்னாலே போதும், படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தவிர, அலையைப் பார்த்துக் கிளிக் செய்து வருகிறவர் அலையைத் தேடுவார். என் கதை முழுக்க ஆட்டோவுக்குள் நடக்கும் பேச்சு. ரெண்டாம் பக்கத்திலேயே போய்விடுவார்.

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்களில் ஒன்று 1994 அக்டோபர் 27 அன்று, வயர்டு பத்திரிகையின் ஹாட்வயர்டு தளத்தில் வந்தது. கொடுத்தது ஏடி அண்டு டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம். அந்தப் பட்டையில் பொருளின் படம் இல்லை, விலை இல்லை. இந்த இடத்தில் மவுஸை எப்போதாவது கிளிக் செய்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி, இனிமேல் செய்வீர்கள் என்று ஒரு பதில். கேள்வி வேலை செய்யும் என்பது அந்த நாளிலேயே தெரிந்த விஷயம்.

தமிழ் எழுத்தும் சின்ன இடமும்

இங்கேதான் தமிழில் வரைகிறவர்களுக்குத் தனிச் சிக்கல். நம் எழுத்துக்கு மேலே புள்ளி, சுழி, கீழே கொக்கி. வரிக்கு மேலும் கீழும் இடம் விடாவிட்டால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'ர்' மேல் உட்கார்ந்துவிடும். நம் சொற்களும் நீளம். "கண்டுபிடித்தவர்களுக்கு" என்று ஒரு சொல் போட்டால் அரைப் பட்டை காலி. பேனர் வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சுத் தமிழ் பாதி இடத்தில் அடங்கும், கதையின் குரலும் கேட்கும்.

எழுத்துருவில் கனமானதைத் தேடி ஓடாதீர்கள். ஃப்ளெக்ஸில் தடித்த எழுத்து அழகு. பதினைந்து, பதினாறு பிக்சல் உயரத்தில் அதே தடிப்பு 'ண'வின் சுழிகளை அடைத்துவிடும், ண எது ன எது என்று தெரியாது. காட்டமரான், முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றுமே இலவசம், மூன்றிலும் பல கன அளவுகள் உண்டு. அதிகக் கனத்துக்கு இரண்டு படி கீழே நில்லுங்கள். வசனத்துக்கு பலூ தம்பி காமிக்ஸ் வாசனையோடு இருக்கும். காவிவாணர் கையெழுத்து மாதிரி சாய்ந்து அழகாக இருந்தாலும் சின்ன அளவில் தாங்காது. உங்கள் கையெழுத்தில்தான் காமிக்ஸ் என்றால் பேனர் வசனத்தையும் கையாலேயே எழுதுங்கள், எந்த எழுத்துருவும் அதற்கு ஈடில்லை.

பழைய பதிப்பு ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து சிதறினால் ப்ரெஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இலவசம்தான் வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் தமிழைச் சிதறாமல் காட்டும். எங்களைப் போன்ற கடைகளில் இன்னும் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துரு ஓடுகிறது. படமாக மாறிவிடுவதால் பேனருக்குள் அது இருந்தால் பாதகமில்லை. ஆனால் விளம்பரத்தோடு தனியாகத் தட்டும் தலைப்பு, விளக்கவரி எல்லாம் யூனிகோடில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசகருக்குத் தெரிவது புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்.

அளவுகள்

விளம்பரத் தளங்கள் அடிக்கடி கேட்பவை 728×90, 300×250, 160×600, கைபேசிக்கு 320×50. எல்லாம் பிக்சல் கணக்கு. ஃப்ளெக்ஸ் பழக்கத்தில் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி (டிபிஐ) வைக்கலாமா என்று யோசிக்க வேண்டாம், இங்கே அதற்கு வேலையில்லை. நிறமும் திரைக்கான ஆர்ஜிபி முறையில். அச்சுக்கான சிஎம்ஒய்கே கோப்பை அப்படியே ஏற்றினால் நிறம் மாறித் தெரியும், சில தளங்கள் வாங்கவே வாங்காது.

ஒரு படத்தை நாலு அளவுக்கும் இழுத்து நசுக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் கொடுமை. ஒவ்வொன்றுக்கும் படத்தைப் புதிதாக அடுக்க வேண்டும். 728×90 உயரத்தைப் போல எட்டு மடங்கு அகலம். செய்தித்தாள் ஸ்ட்ரிப் போல இடமிருந்து வலமாகப் படிக்கப்படும்: இடது ஓரம் டிரைவரின் கேள்வி, நடுவில் கண்ணாடி, வலது ஓரம் பாட்டியின் பதில். 160×600 மேலிருந்து கீழே ஸ்க்ரோல் காமிக்ஸ் மாதிரியே இறங்கும்: மேலே கேள்வி, அப்புறம் நீளமான இருட்டு, அடியில் பதில். அந்த இருட்டுதான் அங்கே வேலை செய்கிறது, அதை நிரப்பாதீர்கள். 300×250இல் கட்டத்தை ஏறக்குறைய அப்படியே வைக்கலாம். ஒன்றே ஒன்று செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். 320×50இல் இரண்டு வசனத்துக்கு இடமில்லை. ஒரு ஜோடிக் கண், "2004க்குப் போப்பா." அதோடு சரி.

முதலில் இரண்டு மடங்கு அளவில் வரைந்து பிறகு சுருக்குங்கள். சுருக்கியபின் மெல்லிய கோடுகள் மறைந்திருக்கும். அவற்றைச் சின்ன அளவிலேயே மறுபடி தடித்துப் போடுங்கள். சுருக்கியதை உங்கள் போனில், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பஸ்ஸில் படிப்பவரின் போன் அப்படித்தான் இருக்கும்.

சுற்றிலும் ஒரு பிக்சல் கோடு அவசியம். புதுச்சேரியில் ஒரு நண்பர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா துப்பறியும் கதை வரைகிறார். பின்னணி முழுக்க அந்த ஊர்ச் சுவர்களின் கடுகு மஞ்சள். வெளிர்மஞ்சள் தளம் ஒன்றில் அவர் பேனர் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கறுப்பில் ஒரு கோடு போட்டதும் படம் தனியாக எழுந்து நின்றது. வெள்ளைத் தளம், இரவு நிறத் தளம் இரண்டின் மேலும் வைத்துப் பார்த்தபிறகே அனுப்புங்கள்.

கோப்பின் கனம்: கூகுள் விளம்பரங்களில் நாமே முழுதாகச் செய்து ஏற்றும் பேனர் படத்துக்கு 150 கேபி வரைதான். தட்டையான நிறமும் கோடுமாக இருந்தால் பிஎன்ஜி, வண்ணம் கரைந்து வரும் ஓவியம் என்றால் ஜேபெக். ஜிஃப்பில் 256 நிறம் மட்டுமே. அசையும் பேனர் வேண்டுமானால் 30 வினாடிக்குள் நின்றுவிட வேண்டும் என்பதும் கூகுளின் விதி. எனக்குக் கேட்டால் இரண்டு ஃப்ரேம் போதும், கண் மூடியிருக்கிறது, திறக்கிறது. முதல் ஃப்ரேம் தனியாக நின்றாலும் விஷயம் புரிய வேண்டும், சில இடங்களில் அசைவே ஓடாது. பொய்யாக ப்ளே பட்டன், மூடும் பெருக்கல் குறி எல்லாம் வரையாதீர்கள். விதியும் விடாது, ஏமாந்து வந்தவர் ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டார்.

எங்கே கொண்டுபோய் இறக்குவது

பேனரைத் தொட்டவர் உங்கள் முகப்புப் பக்கத்தில் இறங்கக்கூடாது. அங்கே முதலில் இருப்பது இந்த வாரத்து அத்தியாயம், அவருக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். பேனரில் பார்த்த கட்டம் அங்கே சீக்கிரமே வர வேண்டும். என் பாட்டி கதையில் பின்னால்தான் வருகிறாள். அதனால் பேனரின் இணைப்பு அவள் ஆட்டோ ஏறும் அத்தியாயத்துக்குப் போகிறது, அதைத் தனியாகப் படித்தாலும் புரியும். பக்கம் சட்டென்று திறக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

விளம்பரம் எங்கே போடுவது? ஒரு காலத்தில் வெப்காமிக்ஸ்காரர்களுக்கு ப்ராஜெக்ட் வொண்டர்ஃபுல் இருந்தது. 2006இல் கனடாவின் காமிக்ஸ் எழுத்தாளர் ரயன் நார்த் தொடங்கியது. இடத்தை ஏல முறையில், ஒரு நாளுக்கு இவ்வளவு என்று எடுக்கலாம். சில்லறைக் காசுக்கும் இடம் கிடைத்தது, அதனால் கையில் பணமில்லாதவர்களும் காமிக்ஸ் வாசகர் முன்னால் நின்றார்கள். 2018இல் மூடிவிட்டார்கள். அதே வருஷம்தான் கூகுள் தன் விளம்பரச் சேவையில் தமிழைச் சேர்த்தது, தமிழ்ப் பக்கங்களில் தமிழ் விளம்பரம் ஓட்ட அது வழி திறந்தது. ஆனால் அங்கே உங்கள் பாட்டிக்குப் பக்கத்தில் நகைக்கடையும் கடன் செயலியும் நிற்கும். தினச் செலவுக்கு உச்சவரம்பு போடாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். முடிந்தால் கிளிக்குக்கு மட்டும் காசு போகிற மாதிரி வையுங்கள், காட்டிய எண்ணிக்கைக்கு அல்ல. ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் படத்தில் எழுத்து 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை 2020இல் எடுத்துவிட்டார்கள். அதற்காக எழுத்தை நிரப்பத் தேவையில்லை.

காசில்லா வழி பேனர் மாற்றிக்கொள்வது. சொல்தா தாத்தா பக்கத்தின் அடியில் என் ஆட்டோ, என் அத்தியாயத்தின் முடிவில் அவர் தாத்தா. பக்கத்தின் தலையைவிட அத்தியாயம் முடியும் இடம் நல்லது. அந்த நிமிஷத்தில் வாசகர் கையில் அடுத்துப் படிக்க எதுவும் இருக்காது. அவர் ஏற்கெனவே தமிழில் காமிக்ஸ் படிக்கிறவரும்கூட. எனக்கு இதில் வந்தவர்கள்தான் தங்கினார்கள்.

எண்ணிப் பார்ப்பது

ஒவ்வொரு இடத்து இணைப்பிலும் தனித்தனி யூடிஎம் குறிப்பு (இணைப்பின் வாலில் ஒட்டும் அடையாளச் சொல்) சேருங்கள், யார் எங்கிருந்து வந்தார் என்று பிரித்துப் பார்க்கலாம். ஆயிரம் தடவை காட்டியதில் நாலு பேர் தொட்டால் 0.4 சதவீதம். இரண்டு பேனரை ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள், வசனத்தையோ படத்தையோ. இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றுக்கு நாலு கிளிக், இன்னொன்றுக்கு ஆறு என்றால் அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள், எண்ணிக்கை இன்னும் சேரட்டும்.

கிளிக்கைவிட நான் பார்ப்பது இரண்டாம் பக்கத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதை. கிளிக் அதிகம், இரண்டாம் பக்கம் குறைவு என்றால் பேனர் கதையில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது. கிளிக் குறைவு, வந்தவர்கள் கடைசிவரை போகிறார்கள் என்றால் படத்தில் கை வைக்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

ஒரே தளத்தில் ஒரே பேனர் நாள்பட ஓடினால் அங்கிருக்கும் கண்கள் அதையும் தாண்டப் பழகிவிடும். கிளிக் இறங்கத் தொடங்கும்போது அடுத்த அத்தியாயத்திலிருந்து வேறொரு கட்டத்தை எடுங்கள். லேயர் பிரித்த கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை. கதைக்கு நடுவில் ஓய்வு விடுவதாக இருந்தால் காசு கொடுத்த விளம்பரங்களை அன்றே நிறுத்திவிடுங்கள்.