சேகரிப்பான் போடாமல் ஈயத்தை மிதக்க வைப்பது எப்படி?

ஈயச் சல்பைட்டின் பெயர் கலீனா. நாகச் (துத்தநாகச்) சல்பைட்டின் பெயர் ஸ்பாலரைட்டு. இரண்டும் பெரும்பாலும் ஒரே பாறையில் பின்னிக்கொண்டு வரும். ஆலைகளில் தாதுவை அரைத்துத் தண்ணீரில் கலந்து, சேகரிப்பான் என்ற இரசாயனத்தை (சாந்தேற்று போன்றதை) சேர்த்து, காற்றுக்குமிழி விட்டுப் பிரிப்பார்கள். அது கனிமத்தின் மேல் ஒட்டி, தாமரை இலைபோல் தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பை உண்டாக்கும். அப்படிப்பட்ட மணிதான் காற்றுக்குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். ஆனால் கலீனா சேகரிப்பான் இல்லாமலும் மிதக்கும். அதற்கு வேண்டியது அளவான காற்று.

ஈயத்தூள் நஞ்சு. அதனால் வீட்டில் காரீயத்தை, அதாவது பென்சிலில் இருக்கும் கிராபைட்டை, வைத்துப் பழகுங்கள். பெயரில் ஈயம் இருந்தாலும் அது வெறும் காபன். இயல்பாகவே தண்ணீர் ஒட்டாது. பூட்டுக்குப் போடும் காரீயத்தூள் கால் தேக்கரண்டி போதும். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை மணலில் இரண்டு தேக்கரண்டி எடுத்து, உப்புப் போக நாலைந்து தடவை அலசுங்கள். இரண்டையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து உயரமான கண்ணாடிக் கிளாசின் அடியில் வையுங்கள். மேலே வெறும் சோடாவை மெதுவாக ஊற்றி, ஒருமுறை கலக்குங்கள். கறுப்புத் தூள் குமிழியோடு ஏறும், மணல் அடியிலேயே கிடக்கும். கிளாசில் சவர்க்காரம் துளியும் இருக்கக் கூடாது. சவர்க்காரம் பட்டால் காரீயமும் நனைந்து கீழே போய்விடும்.

சரி, உண்மையான தாதுவுக்கு வருவோம். இது ஆய்வுகூடத்தில், தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

தாதுவைத் தண்ணீரோடு சேர்த்துப் பீங்கான் ஆலையில் 0.1 மில்லிமீற்றருக்கும் கீழே அரைக்க வேண்டும். இரும்பு ஆலை வேண்டாம், அதன் உருண்டைகள் கரைசலில் உள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். பிறகு கலீனா மிதக்க மறுக்கும். அமிலம் எதையும் சேர்க்காதீர்கள், அழுகிய முட்டை மணமுள்ள நச்சு வாயு வரும். பீ.எச். 8 அளவில் (இலேசான காரத்தில்) வைத்துக் காற்று ஊதுங்கள். கலீனாவின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் ஈயம் கரைந்து வெளியேற, கந்தகம் மிகுந்த மெல்லிய தோல் மிஞ்சும். அந்தத் தோலுக்குத் தண்ணீர் பிடிக்காது. கலீனா இலத்திரனை எளிதாகக் கடத்துவதால் இந்த ஒட்சியேற்றம் அதில் சட்டென்று நடக்கிறது. ஸ்பாலரைட்டு அவ்வளவு எளிதில் கடத்தாது, அதனால் பின்தங்கிவிடும்.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். காற்றைக் கூட்டினால் நல்லது என்று நினைத்து ஊதிக்கொண்டே இருந்தால், தோலின் மேல் ஈயச் சல்பேட்டும் ஐதரொட்சைட்டும் படியும். அவை தண்ணீரை இழுக்கும், கலீனா மூழ்கிவிடும். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து மிதக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கரைந்த ஈய அயன்கள் ஸ்பாலரைட்டின் மேல் போய் ஒட்டி அதையும் மிதக்கத் தூண்டும். அதைத் தடுக்க, காரத்தன்மை இருக்கும்போதே நாகச் சல்பேட்டுக் கரைசலைச் சேர்க்க வேண்டும். அப்புறம் நுரை நிற்பதற்கு ஓரிரு துளி பைன் எண்ணெய். சாம்பல் நிறத்தில் பளபளக்கும் நுரை வந்ததும் வழித்தெடுங்கள். அதுதான் ஈயம். நாகம் அடியில் இருக்கும். ஆலைகளில் அதற்குச் செம்புச் சல்பேட்டும் சாந்தேற்றும் போட்டு அடுத்த சுற்றில் மிதக்க வைப்பார்கள்.