ஒகினாவாவில் பணியாற்றும் அமெரிக்கப் படையினர் வண்டி ஓட்டுவதற்கு முன்

ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள முகாம்களுக்கு மாற்றலாகும் அமெரிக்கப் படையினர், ஊரில் எடுத்த மாநில உரிமத்தோடு மட்டும் சாலையில் இறங்கக் கூடாது. வந்ததும் நடக்கும் அறிமுக வகுப்பில் உட்கார்ந்து, எழுத்துத் தேர்வில் தேறி, அமெரிக்கப் படை வழங்கும் '4 ஈஜே' அனுமதிச் சீட்டை வாங்க வேண்டும். ஜப்பானில் இருக்கும் அமெரிக்கப் படையினரின் சட்ட நிலையை வகுக்கும் 1960ஆம் ஆண்டின் படைநிலை ஒப்பந்தப்படி, படை தரும் அனுமதியை ஜப்பான் தனித் தேர்வோ கட்டணமோ இல்லாமல் ஏற்கிறது. காலாவதி நெருங்கும் மாநில உரிமத்தைப் புறப்படும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். கடல் தாண்டி வந்தபின் அது பெரும் அலைச்சல்.

1978 ஜூலை 30 காலை வரை அமெரிக்காவைப் போலவே ஒகினாவாவிலும் வண்டிகள் வலப்புறம்தான் ஓடின. இப்போது ஜப்பான் முழுதும் இடப்புறம். நெரிசலில் யாரும் தவறான பக்கம் போவதில்லை, முன்னால் போகிற வண்டியே வழிகாட்டிவிடும். பெட்ரோல் பங்கிலிருந்து வெறிச்சோடிய சாலைக்கு வரும்போதும் வலப்பக்கம் திரும்பும்போதும்தான் பழைய பழக்கம் கையை இழுக்கும். இண்டிகேட்டர் தண்டு ஸ்டியரிங்கின் வலப்பக்கம் இருப்பதால், முதல் சில நாள் திருப்பத்தில் வைப்பர் ஆடும். சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்பவும் கூடாது. பச்சை அம்பு எரிந்தால் மட்டும் போகலாம். தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், ஊர்ந்து கடப்பது செல்லாது. இடப்பக்கம் திரும்புமுன் பக்கவாட்டில் நுழையும் ஸ்கூட்டரைப் பாருங்கள். பலகையில் 40 என்றால் கிலோமீட்டர், அதாவது சுமார் 25 மைல். ஒகினாவா விரைவுச் சாலையிலேயே 80தான் உச்சம்.

தீவின் தார்ச்சாலையில் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல் ஜல்லி கலந்திருக்கிறது. டயர் தேய்க்கத் தேய்க்க அது வழுவழுப்பாகும், மழை பட்டால் வழுக்கும். டயர் வரிப்பள்ளத்தின் ஆழத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 1.6 மில்லிமீட்டர். இந்தச் சாலைக்கு அது போதாது, அதற்கு முன்பே மாற்றுங்கள்.

காப்பீட்டில் இரண்டு அடுக்கு உண்டு. கட்டாயக் காப்பீடு எதிராளியின் உடலுக்கு மட்டும்: இறப்புக்கு அதிகபட்சம் 3 கோடி யென், காயத்துக்கு 12 லட்சம் யென். சுவர், கடை, அடுத்தவர் கார் எதற்கும் ஒரு யென் தராது. அதனால்தான் படை விதி தனிக் காப்பீட்டையும் கேட்கிறது. குறைந்தபட்சம் உடல் சேதத்துக்கு 3 கோடி, பொருள் சேதத்துக்கு 30 லட்சம் யென். எங்கள் பரிந்துரை, இரண்டையும் வரம்பில்லாமல் எடுப்பது. 'ஷாக்கென்' எனும் தகுதிச் சோதனை புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறையும் வரும். பழைய வண்டி வாங்கும்போது அதில் எத்தனை மாதம் பாக்கி என்று பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். மூன்றாண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். நிதானம் தப்பிய நிலை என்றால் ஐந்தாண்டு, 10 லட்சம். வண்டி கொடுத்தவர், மது ஊற்றியவர், தெரிந்தே உடன் ஏறியவர் மீதும் வழக்கு வரும். இரவு குடித்தவர் காலைப் பணிக்கு வரும்போதும் பிடிபடுகிறார்.

விபத்து நடந்தால் நிறுத்துங்கள். காயம்பட்டவரைக் கவனித்து 119ஐ அழையுங்கள், பின்வரும் வண்டிகள் மோதாதபடி எச்சரிக்கை வையுங்கள், பிறகு 110இல் காவலரையும் முகாம் காவலரையும் கூப்பிடுங்கள். சின்னக் கீறல்தானே என்று கையில் பணம் கொடுத்துக் கிளம்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. காவலர் பதிவு இல்லாவிட்டால் விபத்துச் சான்று கிடைக்காது. சான்று இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் முரண்டு பிடிக்கும். ஆள் காயம்பட்டிருந்து நீங்கள் போய்விட்டால் பத்தாண்டு வரை சிறை. இங்கே பொறுப்பை விழுக்காட்டில் பிரிப்பார்கள். இரு வண்டியும் நகர்ந்துகொண்டிருந்தால், பெரும்பாலும் உங்கள் மேலும் ஒரு பங்கு விழும். எதிராளியைப் போய்ப் பார்த்து நலம் விசாரிப்பது இங்கே எதிர்பார்க்கப்படும் மரியாதை. ஆனால் தொகை எதையும் வாக்களிக்குமுன் காப்பீட்டாளரிடம் பேசுங்கள்.

பணி செய்கையில் நடந்த குற்றத்தை விசாரிக்க அமெரிக்கத் தரப்புக்கு முதல் அதிகாரம். அமெரிக்கா மட்டும் பொறுப்பு என்றால் இழப்பீட்டில் அது 75 விழுக்காடும் ஜப்பான் 25 விழுக்காடும் ஏற்கும். பணி முடிந்த நேரமென்றால் ஜப்பானிய நீதிமன்றம், உங்கள் சொந்தப் பணம். 2021இல் ஷிசுவோகா மாநிலத்தின் ஃபுஜினோமியாவில் இருவர் இறந்த விபத்தில், பணியில் இல்லாத நேரத்தில் ஓட்டிய அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. படை விருந்தில் குடித்துவிட்டு ஓட்டியதைப் பணியெனக் காட்டும் வழியும் 2011 டிசம்பரில் அடைபட்டது.

ஊர் திரும்பும்போது வண்டியை முகாம் நிறுத்தத்தில் விட்டுப் போகாதீர்கள். ஏப்ரல் 1 அன்று பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே அந்த ஆண்டின் சாலை வரி. மார்ச்சுக்குள் விற்றுப் பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் பதிவை நீக்கிக் காயலான் கடைக்கு அனுப்புங்கள். விற்பனை முடியாமலே கிளம்ப வேண்டியிருந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள்.